ஏற்றத்தில் பின்னால் தள்ளிப் பாருங்கள், அப்புறம் சி.சி.யைப் பேசலாம்

கேள்வி: அண்ணே, எனக்கு 36 வயசு, ஊர் புளியங்குடி, எலுமிச்சை கமிஷன் வியாபாரம். பதினோரு வருஷமா ஸ்பிளெண்டர்தான் ஓட்டுறேன். மாசத்துல மூணு நாலு தடவை வசூலுக்குப் புளியரை வழியா கேரளாவுல புனலூர், கொட்டாரக்கரை வரைக்கும் போயிட்டு வரணும். பல நேரம் வீட்டுக்காரியும் பின்னால வருவா, அவ அம்மா வீடு தென்மலைப் பக்கம். முதுகு தாங்கல, அதனால பழைய வண்டியா இருந்தாலும் பரவாயில்ல, பெரிய குரூஸர் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். என் உயரம் 5 அடி 4 அங்குலம். கையில ரெண்டு லட்சம் இருக்கு, கொஞ்சம் கடன் வாங்கிக்கலாம். மூணு வண்டி பார்த்து வச்சிருக்கேன். கொட்டாரக்கரையில 2016 ஹார்லி ஸ்ட்ரீட் 750, 2.30 லட்சம் கேக்குறாங்க. புனலூர்ல 2017 ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு 500, 1.25 லட்சம். தென்காசியில 2021 மீட்டியோர் 350, அதுவும் ராயல் என்ஃபீல்டுதான், 1.65 லட்சம். மனசு ஹார்லி பக்கம்தான் போகுது. எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, ஹார்லி மேல் மனசு போவதில் தப்பே கிடையாது. செங்கோட்டையில் பட்டறை போட்டு 22 வருஷம் ஆகிறது, இன்றைக்கும் அந்த வி-ட்வின் சத்தம் ரோட்டில் கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பேன். ஆனாலும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கண்ணில் பட்டது ஹார்லி இல்லை. உங்கள் உயரம், பின்னால் உட்காரும் உங்கள் வீட்டுக்காரம்மா, புளியரைக்கு மேலே இருக்கும் அந்த எஸ் வளைவு, இந்த மூன்றும்தான்.

என் பட்டறைக்கு முன்னால் ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு சின்னச் சரிவு உண்டு. பெரிய வண்டி வாங்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் செய்யச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். வண்டியை அந்தச் சரிவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்திவிட்டு, டேங்க் நிறையப் பெட்ரோலோடு, பின்னால் யார் உட்காரப் போகிறார்களோ அவர்களையும் உட்காரவைத்து, இரண்டு காலாலும் தரையை உந்தி வண்டியைப் பின்னால் ஏற்றிக் காட்டுங்கள் என்பேன். ஸ்பிளெண்டர் 110 கிலோ சொச்சம், அதில் இதை யோசிக்கவே வேண்டியதில்லை. மீட்டியோர் 350-க்கு 191 கிலோ, தண்டர்பேர்டு 500 அதைவிட நாலு கிலோ கூடுதல், ஸ்ட்ரீட் 750 சுமார் 230 கிலோ. ஓடும்போது இந்த எடை தெரியாது, சொல்லப்போனால் ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும், சுகமாக இருக்கும். நிற்கும்போதுதான் தெரியும். ஆரியங்காவு ஏற்றத்தில் முன்னால் போகிற டிப்பர் லாரி திடீரென்று நிற்கும், நீங்களும் நிற்பீர்கள், ரோடு இடது பக்கம் சரிந்திருக்கும், கால் வைத்த இடத்தில் ஜல்லி கிடக்கும். அந்த ஒரு நொடியில் வண்டி பத்து டிகிரி சாய்ந்துவிட்டால் 230 கிலோவையும் பின்னால் இருக்கிற ஆளையும் ஒற்றைக் காலால் யாராலும் தூக்கி நிறுத்த முடியாது. இந்த மாதிரி நின்ற இடத்திலேயே சாய்ந்த வண்டிகள்தான் என்னிடம் அதிகம் வரும். கிளட்ச் லீவர் உடைந்து, கிராஷ் கார்டு வளைந்து, ஓட்டினவர் கணுக்காலில் கட்டோடு வருவார். வேகத்தில் விழுந்தவர்களை விட இவர்கள்தான் கூட்டம்.

ஸ்ட்ரீட் 750-ல் சீட் தாழ்வுதான், உங்கள் உயரத்துக்குக் கால் நன்றாக ஊன்றும். கால் எட்டுவது வேறு, எடையைத் தாங்குவது வேறு.

அடுத்தது பிரேக். இதை நீங்கள் கடிதத்தில் கேட்கவே இல்லை, எனக்கோ இதுதான் பெரிய விஷயம். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு, சட்டென்று பிரேக் அடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி புது மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்ற எல்லாவற்றுக்கும் 2019 ஏப்ரலிலும்தான் வந்தது. ஸ்ட்ரீட் 750-க்கு ஏ.பி.எஸ். வந்தது 2017-ல். அதாவது நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 2016 ஹார்லியிலும் 2017 தண்டர்பேர்டிலும் அது கிடையாது. மீட்டியோரில் இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. ஜூன் மாதம் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் புளியரையிலிருந்து தென்மலை வரைக்கும் ரோடு காய்வதே இல்லை, மேலே மரத்து இலையும் லாரியிலிருந்து சொட்டின டீசலும் சேர்ந்து ரோடு வழவழவென்று ஆகிவிடும், இது உங்களுக்கே தெரியும். ஸ்பிளெண்டரில் பின் டிரம் பிரேக்கை மிதித்துப் பழகின காலை, 200 கிலோ வண்டியில் ஈர ரோட்டில் பதற்றத்தில் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பும். பழக்கம் மாறுவதற்குச் சில மாதங்கள் ஆகும். அந்தச் சில மாதங்களுக்காவது ஏ.பி.எஸ். உங்களோடு இருக்க வேண்டும்.

சரி, வண்டி வண்டியாகப் பார்க்கலாம்.

ஸ்ட்ரீட் 750 இங்கே 2014-ல் வந்தது, ஹரியானாவில் பாவல் என்ற ஊரில் இருந்த தொழிற்சாலையில்தான் தயாரானது. 2020 செப்டம்பரில் ஹார்லி இந்தியாவில் தயாரிப்பதை நிறுத்துவதாக அறிவித்தது, அப்புறம் ஹீரோ கம்பெனியோடு கைகோத்தது. ஆகவே உதிரி பாகம் அடியோடு கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கிளட்ச் கேபிள் அறுந்தால் ஸ்பிளெண்டருக்கு மாதிரி கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கிக்கொண்டு வந்துவிட முடியாது. பெரிய ஊருக்குச் சொல்லி, பணம் கட்டி, பார்சல் வர வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். செயினுக்குப் பதில் பெல்ட், அது சுத்தமான ரோட்டில் அருமையான ஏற்பாடு, ஜல்லி லாரி ஓடுகிற நம்ம ரோட்டில் ஒரு கூர்மையான கல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவே மாட்டினால் பெல்ட் போச்சு. உங்களுக்கு இது ஞாயிற்றுக்கிழமை வண்டியாக இருந்தால் நானே எடுங்கள் என்பேன். வசூலுக்குப் போகிற வண்டி நின்றுபோனால் அந்த வாரத்துப் பணம் நின்றுபோகும், அதனால் வேண்டாம். கடன் வாங்கி எடுப்பது இன்னும் வேண்டாம்.

தண்டர்பேர்டு 500 எனக்குப் பிடித்த வண்டி, அதை ஒளிக்கவில்லை. 499 சி.சி., 41 நியூட்டன் மீட்டர் இழுவை, 20 லிட்டர் டேங்க். ஏற்றத்தில் கியரைக் குறைக்காமலே இழுத்துக்கொண்டு போகும், ஒரு தடவை டேங்கை நிரப்பினால் கொட்டாரக்கரை இரண்டு தடவை போய்வரலாம். 2020-ல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது இந்த 500 சி.சி. இன்ஜினையே நிறுத்திவிட்டார்கள். சில பாகங்கள் தண்டர்பேர்டு 350-க்கும் பொது, சில பாகங்கள் இதற்கு மட்டும். இந்த மாதிரிப் பெரிய ஒற்றை சிலிண்டர் இன்ஜினில் ஒன்பது வருஷம் ஓடினதை வாங்கும்போது செல்ஃப் அடிக்கையில் காதைக் கொடுங்கள். கரகரவென்று வழுக்கும் சத்தம் வந்தால், செல்ஃப் மோட்டாரை இன்ஜினோடு பிடித்துச் சுற்றவைக்கும் ஸ்ப்ராக் கிளட்ச் தேய்ந்திருக்கிறது, இன்ஜின் பக்க மூடியைக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை. பேட்டரி வீக்காக இருக்கும்போது செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தவர்கள் கையில் ஓடின வண்டிக்கு இது வரும்.

புனலூர் வண்டியில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. 2018 ஆகஸ்ட் வெள்ளம். பத்தனம்திட்டா, செங்கன்னூர், ஆலப்புழைப் பக்கமெல்லாம் வீட்டு மாடி வரைக்கும் தண்ணீர் ஏறின நேரம் அது. கார் ஷெட்டில் நின்ற வண்டிகள் முழுகி எழுந்து, கழுவித் துடைத்து, பாலிஷ் போட்டு, ஒன்றிரண்டு வருஷத்தில் இந்தப் பக்கம் மலை இறங்கின. அப்படி ஒன்று என் கைக்கே வந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தது, வாங்கினவர் சந்தோஷமாகத்தான் கொண்டுவந்து நிறுத்தினார், மழைக்காலத்தில் மட்டும் வண்டி திடீர் திடீரென்று அணைகிறது என்றார். சீட்டையும் டேங்கையும் கழற்றினேன். வயரிங்கைச் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தால் உள்ளே சந்தனம் பூசின மாதிரி மெல்லிசாக வண்டல் காய்ந்து ஒட்டியிருந்தது, கனெக்டரைப் பிரித்தால் செம்பு முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. சேஸிஸ் குழாயில் ஒரு போல்ட்டைக் கழற்றினதும் ஒரு கைப்பிடி மண் கொட்டியது. வயரிங் முழுசையும் மாற்றித்தான் அந்த வண்டி சரியானது, அவர் போட்ட கணக்கெல்லாம் அதிலேயே முடிந்துபோனது. அதனால் மலைக்கு அந்தப் பக்கத்து வண்டி எதுவானாலும் சீட்டைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். ஹெட்லைட் கண்ணாடிக்குள் கோடு மாதிரி கறை இருக்கிறதா, இன்ஜின் துடுப்புகளுக்கு நடுவே எட்டாத மூலையில் மண் நிற்கிறதா, 2018-ல் வண்டி எந்த ஊர் விலாசத்தில் இருந்தது என்று மூன்றையும் பாருங்கள். சேட்டன் நல்லவராக இருப்பார், அவருக்கு முன்னால் வைத்திருந்தவர் சொல்லாமல் விற்றிருப்பார், அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இதோடு பேப்பர் வேலையும் இருக்கிறது. எல்லை ஊர்க்காரர்கள் பலர் கே.எல். நம்பரோடே வருஷக்கணக்கில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு நாமும் ஓட்டலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டப்படி வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கத்து நம்பர் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு அங்கத்து ஆர்.டி. ஆபீஸில் ஃபாரம் 28 கொடுத்து என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். ஃபைனான்ஸ் இருந்திருந்தால் பேங்க் கடிதத்தோடு ஃபாரம் 35 கொடுத்து அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க வேண்டும். அப்புறம் இங்கே வந்து வரி கட்ட வேண்டும். அங்கே ஏற்கெனவே கட்டின வரியில் மீதிக் காலத்துக்கு உள்ளதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது இங்கே நம்பர் மாறின பிறகு தனியாக எழுதிப்போட்டு அலைந்து வாங்க வேண்டிய பணம், அதைக் கையில் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, 2023 ஜூன் 5-லிருந்து கேரளா முழுக்க 726 கேமரா வைத்து அபராதம் போடுகிறார்கள். ஹெல்மெட் இல்லாமல் போன அபராதம் நாலைந்து கட்டாமல் நின்றிருந்தால் என்.ஓ.சி. அங்கேயே முடங்கும். வண்டி நம்பரை அரசாங்கத்தின் பரிவாகன் இணையதளத்தில் போட்டு அபராதம் நிலுவை இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே பாருங்கள். என்.ஓ.சி. கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள், யார் சிபாரிசு சொன்னாலும் சரி.

இன்ஷூரன்ஸிலும் சி.சி. பேசும். 2022-ல் அறிவித்த கட்டணப்படி 150-ஐத் தாண்டி 350 சி.சி. வரைக்கும் மூன்றாம் நபர் காப்பீடு வருஷத்துக்கு 1,366 ரூபாய், 350-ஐத் தாண்டினால் 2,804, வரி தனி.

ஆக என் வோட்டு தென்காசி மீட்டியோருக்கு. 20 குதிரைசக்திதானே என்று தோன்றும். நீங்கள் போகிற ரோட்டில் அறுபதைத் தாண்டி ஓட்ட இடமே கிடையாது, 27 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் இரண்டு பேரோடு மூன்றாவது கியரில் நிம்மதியாக ஏறும். ஸ்பிளெண்டரிலிருந்து ஏறுகிறவருக்கு இதுவே வேறு உலகம். டியூப்லெஸ் டயர், சீட் 765 மில்லிமீட்டர், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி, நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டாது. கிக்கர் கிடையாது, அதனால் பேட்டரி வயசைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரூஸரில் உட்கார்ந்தால் முதுகு வலி போய்விடும் என்பது பாதிதான் உண்மை. கால் முன்னால் நீட்டி இருக்கும்போது பள்ளம் வந்தால் ஸ்பிளெண்டரில் மாதிரி புட்டத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ள முடியாது, குலுக்கல் நேரே நடுமுதுகுக்கு ஏறும். மீட்டியோரில் ஃபுட்ரெஸ்ட் ரொம்ப முன்னால் இல்லை என்பதால் சமாளிக்கலாம். ஆனாலும் ஐந்து நிமிஷம் தெருவைச் சுற்றிவிட்டு முடிவு செய்யாதீர்கள். விற்கிறவரிடம் கேட்டு, அவரையே கூட வரச் சொல்லி, ஒரு முக்கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வண்டியில் ஃபயர்பால், ஸ்டெல்லர், சூப்பர்நோவா என்று மூன்று வகை உண்டு, 2021-ல் ஃபயர்பாலுக்குப் பின்னால் சாய்மானம் கிடையாது, மற்ற இரண்டிலும் உண்டு. அந்த எஸ் வளைவில் பின்னால் உட்காருகிறவருக்குச் சாய்மானம் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

பார்க்கப் போகும்போது காலையிலேயே போங்கள், நான் வருகிறவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் முதல் வேலை இன்ஜின் மேல் கையை வைத்துப் பார்ப்பது. சூடாக இருந்தால் அவர் ஏதோ மறைக்கிறார், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடலாம். குளிர்ந்த இன்ஜின் முதல் அடியில் பிடித்து, நீலப் புகை இல்லாமல், நிதானமாக நின்று ஓட வேண்டும். முன் ஃபோர்க் குழாயை விரலால் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போயிருக்கிறது. மெயின் ஸ்டாண்டு போட்டு, பின்னால் ஒருவர் அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்கிவைத்து, ஹேண்டிலை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் தள்ளுங்கள். நடுவில் ‘டக்’கென்று ஓர் இடத்தில் உட்கார்ந்தால் ஹேண்டில் திரும்புகிற பேரிங், அதாவது கோன் செட், காலி. பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து உள்ளே இழுத்துப் பாருங்கள், நகம் தட்டித் தடுக்கிற அளவுக்கு விளிம்பு எழும்பி நின்றால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது, மீட்டர் 18,000 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் அதையேதான் சொல்லும். டயரில் நாலு எண் இருக்கும், 2321 என்று இருந்தால் 2021-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. டயரில் வெட்டியிருக்கும் கோடு எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயசு டயரோடு ஈர மலை ரோட்டில் ஓட்டக் கூடாது, இரண்டு டயரின் விலையையும் கழித்துத்தான் பேச வேண்டும். கடைசியாக, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி உட்கார்ந்து இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள், சேஸிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பாருங்கள். இந்த மாடலில் 2020 டிசம்பரிலிருந்து 2021 ஏப்ரல் வரை தயாரான வண்டிகளுக்கு இக்னிஷன் காயிலைப் பரிசோதிக்கக் கம்பெனியே திரும்ப அழைத்தது. உங்கள் வண்டி அந்தக் காலத்தில் வந்ததா, அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் ரெக்கார்டில் கேளுங்கள்.

விலைக்கு வருவோம். 1.65 லட்சம் அதிகம், கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. 128 ரூபாய்க்கு விற்றது 118 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புது மீட்டியோரே எக்ஸ்-ஷோரூம் 2 லட்சத்தை ஒட்டி ஆரம்பிக்கும்போது பழசுக்கு அவர், வரி குறைவதற்கு முன்னால் இருந்த புது வண்டி விலையை மனசில் வைத்துக்கொண்டு பேசுகிறார். இதை அவரிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். 1.40-க்கு மேல் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், டயர் மாற்ற வேண்டியிருந்தால் அதற்கும் கீழே. அவர் இறங்கவே மாட்டார் என்றால் உங்களிடம் இருக்கிற இரண்டு லட்சத்தோடு கொஞ்சம் கடன் சேர்த்துப் புதுசே எடுப்பது நல்லது, அந்தக் கடனுக்கு அர்த்தம் உண்டு. 350-க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு வரி 31-லிருந்து 40 ஆகிவிட்டது, அதனால் மீட்டியோருக்கு அண்ணன் மாதிரியான சூப்பர் மீட்டியோர் 650 பழசுக்கு எல்லாம் இப்போது விலை இறங்காது. மூன்று வருஷம் 350-ஐ ஓட்டிப் பழகி, அந்த 241 கிலோ வண்டியை என் சரிவில் நீங்கள் பின்னால் தள்ளிக் காட்டினால் அன்றைக்கு அதைப் பேசுவோம்.

2021-ல் புதுசாக எடுத்த வண்டிக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே வந்திருக்கும், அது 2026-ல் முடிகிறது, தேதியைப் பாருங்கள். வாங்கின 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

எடுத்ததும் நேரே இங்கே கொண்டு வாருங்கள். இன்ஜின் ஆயில், ஃபில்டர், பிரேக் ஆயில், செயின், நாலும் பார்த்து அனுப்புகிறேன், அரை நாள் வேலை. முதல் இரண்டு வாரம் தனியாக ஆரியங்காவு வரைக்கும் போய்த் திரும்புங்கள், காய்ந்த ரோட்டில் ஒரு தடவை, சாரலில் ஒரு தடவை. அப்புறம் வீட்டுக்காரம்மாவைத் தென்மலைக்குக் கூட்டிப் போகலாம். அவர்களுக்கும் ஒரு நல்ல ஹெல்மெட் இப்போதே வாங்கிவிடுங்கள், புளியரை தாண்டினால் பின்னால் இருப்பவர் தலையையும் கேமரா பார்க்கும்.